மீன் தொட்டிக்கு நிலா செய்யும் முறை

1

நான் எழுத உட்கார்ந்தது கதை அல்ல, செய்முறைக் கட்டுரை. ஓர் அறிவியல் மாத இதழில் ‘நீங்களே செய்யலாம்’ என்று ஒரு பகுதி வருகிறது. வாசகர்கள் எழுதி அனுப்பலாம், இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் போட்டிருந்ததை நான் எனக்கு வந்த கடிதமாக எடுத்துக்கொண்டேன். பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து வீட்டில் இருக்கிறேன். எனக்கு அதிகம் கடிதம் வருவதில்லை.

முதல் பக்கத்தில் இப்படி எழுதினேன்:

தேவையான பொருள்கள்: மூடியுள்ள பால்மாவு டப்பா ஒன்று. நீலக் கண்ணாடித்தாள் ஒரு முழம். பந்தல் சீரியல் பல்பு மூன்று. ரேடியோவுக்குப் போடும் எலிமினேட்டர் ஒன்று. ஒயர் இரண்டு மீட்டர். ஈயமும் பற்றவைக்கும் கோலும். ஜெய்னப் ஒருத்தி.

கடைசிப் பொருளை எழுதியதும் பேனாவை மூடிவிட்டேன். அடித்துப் பார்த்தேன். அதை அடித்ததும் மற்ற ஆறும் மேசைமேல் வெறும் சாமானாகக் கிடந்தன. திரும்ப எழுதினேன். இரண்டு பக்கம் போதாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

2

தொடக்கம் ஒன்று: ‘மனிதன் ஆதிகாலம் தொட்டே நிலவைக் கண்டு—’

(ஆதிகாலத்தில் தொடங்கும் கட்டுரை பால்மாவு டப்பாவுக்கு வந்து சேர நாலு பக்கம் ஆகும்.)

தொடக்கம் இரண்டு: ‘சங்கரன்கோவிலில் தறிச் சத்தம் அடங்கும் ஒரு வேளை உண்டு. அப்போது—’

(அப்படி ஒரு வேளை கிடையாது. எழுத நன்றாக வந்தது, எழுதிவிட்டேன்.)

தொடக்கம் மூன்று: ‘கலைச்செல்வி மெல்லிய தோற்றமும் தீர்க்கமான பார்வையும் உடையவள். யாருக்கும் அஞ்சாதவள்.’

கலைச்செல்வி என்பது நான். இந்தத் தொடக்கத்தைக் கடையநல்லூருக்குத் தபாலில் அனுப்பினேன். ஜெய்னப் போன வருடம் வரை எங்கள் அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் கொல்லையில் ஒரே சுவர், அதில் ஒரு கதவு. இப்போது கல்யாணமாகிக் கடையநல்லூரில் இருக்கிறாள். நான் எழுதுவதை அனுப்புவேன். பென்சிலால் ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புவாள். கலைச்செல்விக்கு எதிரே எழுதியிருந்தாள்: ‘இது யாருட்டி? நம்ம தெருவுல இப்படி ஒருத்தி இல்லையே. ஆறுமுகத்தாய்னு எழுத ஒனக்கு வெக்கமா? அப்ப என் பேரையும் மாத்து. எனக்கு சினிமா ஸ்டார் பேரா வை.’

சரி. என் பெயர் ஆறுமுகத்தாய். ஜெய்னப் பெயர் ஜெய்னப். மீன்களுக்குப் பெயர் இல்லை.

3

மீன் தொட்டி எங்களுடையது. மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி, லாரியில் ஏற்றினால் உடைந்துவிடும் என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா சண்முகையா, தறிக்கூட மேஸ்திரி. இரும்புச் சட்டம் போட்ட இரண்டரை அடிக் கண்ணாடித் தொட்டியை இரண்டு ஆட்களோடு தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ஐந்து ஏஞ்சல் மீன்கள். வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டை. நிறுத்திவைத்த விசிறி போல இருக்கும்.

ஐந்தில் இரண்டு மட்டும் ஜோடி சேர்ந்தன. மற்ற மூன்றையும் மூலைக்கு விரட்டின. அவற்றைப் பானைக்கு மாற்றினோம். ஒரு நாள் நான் சாய்த்து வைத்திருந்த உடைந்த சிலேட்டில் வரிசையாக முட்டை. எழுதிப் பழகுகிற கை வைத்த புள்ளிகள் மாதிரி, நேர்கோடாக. காலையில் பார்த்தால் சிலேட்டு காலி. பெற்றதுகளே தின்றுவிட்டன. பதினைந்து நாள் கழித்து மறுபடி முட்டை. மறுபடி காலி.

படித்த கல்லூரி நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தைப் போய்ப் பார்த்தேன். குழல்விளக்கைச் சட்டென்று அணைத்தால் மீன்கள் மிரளும், இருட்டில் முட்டையைக் காவல் காக்கக் கண் தெரியாது, மிரட்சியில் தின்றுவிடும், மங்கலான வெளிச்சம் வைப்பது நல்லது. ஒரே பத்திதான். ஜெய்னபுக்குப் படித்துக் காட்டினேன்.

“மங்குன வெளிச்சம்னா நிலாதான?” என்றாள்.

நிலாவாக இருக்க வேண்டியதில்லை, ஜீரோ வாட் பல்பு போதும் என்றேன்.

“பல்பு பல்புதான். நிலான்னா வளரணும், தேயணும். செய்யிததைச் சரியாச் செய்வோம்.”

இந்தக் கதையில் அதற்குப் பிறகு நடந்த எல்லாமே தேவையில்லாதவை என்பதை வாசகர் குறித்துக்கொள்ளலாம். புத்தகம் வளரச் சொல்லவில்லை, தேயச் சொல்லவில்லை. ஜெய்னப் சொன்னாள். பிளஸ் டூவில் பள்ளியிலேயே இயற்பியலில் முதல் மதிப்பெண் வாங்கியவள் அவள். அதற்கு மேல் அனுப்பவில்லை. ஐந்து வருடமாக அவள் கைக்கு ஒரு பரிசோதனை கிடைக்கவில்லை. இப்போது கிடைத்துவிட்டது. யார் தடுப்பது?

(ஓரக்குறிப்பு, ஜெய்னப்: முதல் மார்க்குன்னு போட்டது சரி. எத்தனன்னும் போடு.)

இயற்பியலில் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்று நாலு.

4

சீரியல் பல்பு வாங்க நான்தான் போனேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஆவுடையப்பன் அண்ணாச்சியின் மைக் செட் கடை. போகிற வழியெல்லாம் ‘நீல பல்பு மூணு வேணும்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். கடை வாசலில் அந்த வாக்கியம் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.

அண்ணாச்சி ஒரு குழாய் ஒலிபெருக்கிக்குள் தலையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே எடுக்காமலே என்ன விசேஷம், காதுகுத்தா சடங்கா என்று கேட்டார். குழாய்க்குள்ளிருந்து வந்த கேள்வி தெருவுக்கே கேட்டது. நான் தலையாட்டினேன். தலையை வெளியே எடுத்து அதைப் பார்த்தவர், எதற்கு ஆட்டினேன் என்று தெரியாமல் காதுகுத்து என்று அவரே வைத்துக்கொண்டார். குழாய் இரண்டு போதுமா? தலையாட்டினேன். வாசலுக்கு சீரியல் செட்? வேகமாகத் தலையாட்டினேன். என்றைக்கு?

“வெள்ளிக்கெழம” என்றேன். அன்று நான் பேசிய ஒரே சொல் அது.

இரண்டு குழாய், ஒரு மைக், இருபதடி சீரியல் செட், ஒரு ஆள் என்று பதிவாகிவிட்டது. வீட்டுக்கு வந்து கொல்லைக் கதவைத் தட்டி ஜெய்னபிடம் சொன்னேன். அவள் சிரித்ததில் உரலில் பாதி மாவு தரைக்குப் போயிற்று.

மறுநாள் அவள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

“அண்ணாச்சி, காதுகுத்து நின்னு போச்சு.”

“ஏம்மா, என்ன ஆச்சு?”

“பிள்ளைய இன்னும் பெக்கல. பெத்தாலும் தின்னுருதுக. நீல பல்பு மூணு மட்டும் குடுங்க.”

(இந்த ஆவுடையப்பன் மேல் எனக்கு ஒரு சந்தேகம். நான் இவரைக் கொஞ்சம் கூட்டிச் செய்துவிட்டேனோ? குழாய்க்குள் தலை இருந்தது உண்மை. கேள்வி தெருவுக்குக் கேட்டதா, என் காதுக்கு மட்டும் அப்படிக் கேட்டதா என்பதற்குச் சாட்சி இல்லை. ஆனால் மூன்று பல்பைத் தாளில் பொதிந்து கொடுத்து, மீனுக்கு என்று ஜெய்னப் விளக்கிய பிறகும், “வெள்ளிக்கெழம எதுக்கும் ஒரு கொழாய ஒதுக்கி வச்சிருக்கேன்” என்றாரே, அது முழு உண்மை. அந்த அளவு நல்ல மனதை எனக்குக் கற்பனை செய்ய வராது.)

5

செய்முறை. (இதழ் ஆசிரியருக்கு: இந்தப் பகுதியை மட்டும் போட்டாலும் சரி.)

டப்பாவின் அடியில் மூன்று துளை. துளைக்கு ஒரு பல்பு. டப்பா தொட்டிக்கு மேலே தலைகீழாகத் தொங்கும். பல்புகளை ஒன்றுக்கொன்று பக்க இணைப்பாகச் சேர்க்க வேண்டும். பந்தலில் இருப்பது போல வரிசையாகச் சேர்த்தால் ஆறு வோல்ட்டில் எரியாது. தொட்டிக்கு மேலே இருநூற்று முப்பது வோல்ட்டைக் கொண்டுபோகாதீர்கள். எலிமினேட்டரில் ஆறு வோல்ட் வையுங்கள். தண்ணீரில் விழுந்தாலும் மீன் பிழைக்கும், நீங்களும் பிழைப்பீர்கள்.

எவ்வளவு மின்னோட்டம் போகும் என்று நான் அரைப் பக்கம் கணக்குப் போட்டேன். நான் முடிப்பதற்குள் ஜெய்னப் இரண்டு ஒயரையும் தொட்டுப் பார்த்துவிட்டாள். எரிந்தது. கணக்கும் சரியாகத்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

அப்போது நோன்பு தொடங்கியிருந்தது. அந்த வருடம் நோன்பு நல்ல கோடையில் வந்தது. ஈயம் பற்றவைக்கும்போது புகை மூக்கில் போனால் நோன்பு முறியுமா என்று ஜெய்னபுக்கு ஒரு கவலை. அவள் வாப்பா கொஞ்ச நேரம் யோசித்து, எதுக்கும் நோன்புக் கஞ்சி குடித்த பிறகு பற்றவை என்று சொல்லிவிட்டார். அதனால் மஃரிப், அந்திநேரத் தொழுகைக்குப் பிறகுதான் வேலை. அந்த நேரம் ஊரில் எல்லாத் தறியும் ஓடும். வோல்டேஜ் இறங்கி, பற்றவைக்கும் கோல் வெதுவெதுப்புக்கு மேல் ஏறாது. ஈயம் இளகாமல் நுனியில் உட்கார்ந்திருக்கும். நாங்களும் உட்கார்ந்திருப்போம். மூன்று இணைப்புக்கு நாலு மாலை ஆயிற்று. தலைக்கு மேல் எங்கள் வீட்டுக் குண்டு பல்பு மங்கிய ஆரஞ்சுப் பழம் மாதிரி தொங்கும்.

அப்பா ஒரு நாள் வாசலில் நின்று பார்த்தார். “மீனுக்கு நிலா செய்யிதீங்க. எனக்கு மட்டும் பேப்பர் படிக்க நாப்பது வாட்டா?” என்றார்.

டப்பாவின் வாயில் நீலக் கண்ணாடித்தாள். ஒரு மடிப்பில் பந்தல் மாதிரி இருந்தது. இரண்டில் டாக்டர் கிளினிக் மாதிரி. மூன்றில் நிலா.

பிறகு நான் உண்மையைச் சொன்னேன். நிலா வெளிச்சம் நீலம் இல்லை. அது சூரிய வெளிச்சம்தான். மங்கலில் நம் கண்ணுக்குத்தான் அப்படித் தோன்றுகிறது.

“மீன் கிட்ட யாரு போய்ச் சொல்லுவா?” என்றாள்.

மூடிதான் முக்கியம். டப்பா வாயின் மேல் மூடி சறுக்கும்படி தகரத்தில் இரண்டு தண்டவாளம் வைத்தாள். விளிம்பில் ஆணியால் பதினைந்து கோடு கீறினாள். மூடியை ஒரு கோடு தள்ளினால் நகம் அளவு பிறை. பதினைந்தும் தள்ளினால் முழு நிலா. பக்கத்துச் சுவரில் ஒரு சார்ட்: முதல் நாள் ஒரு கோடு, இரண்டாம் நாள் இரண்டு. பதினைந்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக இறக்கம். அமாவாசையன்று மூடி முழுக்க மூடியிருக்க வேண்டும்.

சாயங்காலம் யார் முதலில் தொட்டிக்குப் பக்கத்தில் வருகிறார்களோ அவர்கள் மூடியை அன்றைய கோட்டுக்குத் தள்ள வேண்டும். விதி அவ்வளவுதான்.

6

(இந்தப் பகுதியில் ஒரு மாலை வருணனை எழுதியிருந்தேன். நீல வெளிச்சத்தில் மீன்களின் நிழல் சுவரில் எப்படி விழுந்தது, நாங்கள் பாயில் குப்புறப் படுத்து எப்படிப் பார்த்தோம் என்று. ஜெய்னப் அதற்கு எதிரே ‘கொட்டாவி வருது. முட்டைக்கு வா’ என்று எழுதிவிட்டாள். எடுத்துவிட்டேன். ஒரு வரி மட்டும் வைத்துக்கொள்கிறேன்: கண்ணாடியில் எங்கள் இரண்டு மூக்கும் பட்ட இடத்தில் இரண்டு ஆவி வட்டம் இருந்தது.)

7

இருபத்து நாலாவது நோன்பன்று பகலில் சிலேட்டில் முட்டை விழுந்தது. இருநூற்றுச் சொச்சம். மறுநாள் காலையில் கொல்லைக் கதவைத் திறக்காமல் சுவர்மேல் ஏறி எட்டிக் கூப்பிட்டேன். நான் சத்தமாகக் கூப்பிட்டேன் என்பதையே அவள் வீட்டில் ஒரு வாரம் பேசினார்கள். முட்டை அப்படியே இருந்தது. தாயும் தகப்பனும் முறைவைத்துத் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தன.

இப்போது வாசகர் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். இதைத் தவிர இந்தக் கதையில் கடினமான கணக்கு இல்லை.

புத்தகப்படி, முட்டை பொரிந்ததும் குஞ்சு நீந்தாது. வாலை ஆட்டிக்கொண்டு சிலேட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். முட்டை இட்ட நாளையும் சேர்த்து எட்டாம் நாள்தான் பிரிந்து நீந்தும். இருபத்து நாலிலிருந்து எட்டாம் நாள் என்றால் முப்பது நோன்பும் முடிந்த மறுநாள்.

ஜெய்னபின் கல்யாணம் பெருநாள் கழிந்து கடையநல்லூரில். சொந்தக்காரப் பெரியவர்கள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள். அவள் வீட்டார் மொத்தமும் பெருநாளன்று தொழுகையும் சாப்பாடும் முடித்து மூன்று மணிக்கு வேனில் கிளம்புவதாக ஏற்பாடு.

இருபத்தொன்பதாவது நோன்பு மாலை பிறை தெரியாவிட்டால் முப்பது நோன்பு. பெருநாள் எட்டாம் நாளில் வரும். குஞ்சு நீந்துவதை அவள் பார்த்துவிட்டுப் போகலாம். பிறை தெரிந்துவிட்டால் மறுநாளே பெருநாள். ஏழாம் நாள் மூன்று மணிக்கு வேன்.

ஒரே ஒரு நாள்.

“நீந்துததப் பாத்துட்டுத்தான் வேன்ல ஏறுவேன்” என்றாள் ஜெய்னப். விளையாட்டாகச் சொல்லவில்லை. “நான் செஞ்சது ஒண்ணு வேல செய்யிதான்னு தெரியணும்ட்டி. அங்கன போனா யாரு எங்கிட்ட டப்பாவக் குடுக்கப் போறா?”

நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. கொடுக்கப் பேச வேண்டுமே. அன்று “பாப்ப, நான் சொல்லுதேன்” என்றேன்.

8

தவறு நடந்தது இருபத்தெட்டாவது நோன்பன்று.

அன்று எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரில் அமாவாசை. முட்டை பொரிந்து குஞ்சுகள் சிலேட்டில் வால் ஆட்டிக்கொண்டிருந்தன. நான் சாயங்காலம் போய், சார்ட்டைப் பார்த்து, மூடியை முழுக்க மூடினேன். குஞ்சுகளுக்குத்தான் வெளிச்சம், அதற்காகத்தான் டப்பா, டப்பாவுக்காகத்தான் சார்ட் என்பதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. சார்ட்டில் பூஜ்யம் என்று இருந்தது. நான் பட்டதாரி.

காலையில் எழுந்து படுக்கையிலேயே அது உறைத்தது. ஓடினேன். குஞ்சுகள் அப்படியே இருந்தன. தாய் விசிறிக்கொண்டிருந்தது. மூடியைப் பார்த்தேன். ஒரு கோடு திறந்திருந்தது.

ஜெய்னபைக் கூப்பிட்டேன். “மூடியத் தொட்டியா?”

“தொடாம? நீதான் டெய்லி தப்பாத் தப்பா வச்சிருக்க. பாவம், மறந்துருதேன்னு நானும் மாசம் பூரா சரிபண்ணிட்டு வாரேன்.”

“நான் தப்பா வச்சேனா? நீ தப்பா வைக்கன்னுல்லா காலைல நான் சரிபண்ணுதேன்.”

இருவரும் சார்ட்டுக்கு முன்னால் போய் நின்றோம். முதல் நாள் ஒரு கோடு என்று எழுதியிருந்தது. எது முதல் நாள் என்று எழுதவில்லை.

எனக்கு அமாவாசைக்கு மறுநாள் முதல் நாள். காலண்டரில் பிரதமை; கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் கணக்கில் உண்டு. அவளுக்குப் பிறையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் முதல் நாள். வானத்தில் தெரியாத நிலாவை அவள் எண்ண மாட்டாள். ஒரே சார்ட்டை இரண்டு பேரும் ஒரு மாதமாக இரண்டு எண்ணிக்கையில் பின்பற்றியிருக்கிறோம். வளர்பிறையில் நான் வைத்ததை அவள் ஒரு கோடு குறைத்தாள். தேய்பிறையில் நான் வைத்ததை அவள் ஒரு கோடு கூட்டினாள். ஒருவருக்கொருவர் மனம் நோகக் கூடாது என்று சொல்லாமலே செய்தோம்.

“அப்ப இந்த மீனுக்கு இந்த மாசம் ரெண்டு நிலா” என்றாள்.

எனக்கு அமாவாசையான அன்று அவளுக்கு இன்னும் ஒரு கோடு பாக்கி இருந்தது. அந்த ஒரு கோட்டு வெளிச்சத்தில்தான் இருநூறு குஞ்சும் பிழைத்தன. நாங்கள் கணக்கை ஒப்பிட்டு ஒழுங்காகச் செய்திருந்தால் எல்லாம் செத்திருக்கும்.

சிரித்தோம். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நோன்பு வைத்திருக்கிறாளே என்று நான் நிறுத்தப் பார்த்தேன், அவள் நிறுத்தவில்லை. அவள் உம்மா கொல்லைக் கதவில் வந்து நின்று என்ன என்று கேட்டு, விளக்கியதும் புரியாமல் போய், பாதி வழியில் புரிந்து, அங்கேயே நின்று சிரித்தாள்.

(ஓரக்குறிப்பு, ஜெய்னப்: இந்த எடத்துல கதைய முடிச்சிரு. இதுதான் நல்ல முடிவு. மேல எழுதாத.)

9

அவள் சொன்னபடி முடித்திருக்க வேண்டும். எட்டாம் பகுதி வரைதான் அவள் படித்திருக்கிறாள். இனிமேல் வருவது அவளுக்கு இன்னும் அனுப்பாதது.

அன்று மாலைதான் இருபத்தொன்பதாவது நோன்பு. பிறை பார்க்கும் மாலை.

எங்கள் ஊருக்கு மேற்கே, வாசுதேவநல்லூருக்கு அப்பால் மலை. ஆனி மாதம் மலைக்கு மேல் மேகம் அடுக்கியிருக்கும். கூப்பிடு தூரத்துப் பள்ளிவாசல் மாடியில் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெய்னபின் வாப்பாவும் அங்கே. ஜெய்னப் கீழே அவள் வீட்டு முற்றத்தில் நோன்பு திறந்துவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றாள். நான் எங்கள் மொட்டை மாடியில்.

எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சூரியன் இறங்கிய இடத்துக்கு மேலே, நீட்டிய கையில் ஒரு முஷ்டி உயரம். அந்த உயரத்தில் மேகம் ஒரு விரல் அகலத்துக்கு விலகியது. பிறை அங்கே இருந்தது. ஆணியால் கீறிய கோடு மாதிரி. இரண்டு மூச்சு நேரம் இருந்திருக்கும், மூன்றாக இருக்கலாம்.

“தாயி, ஒனக்குத்தான் கண்ணு கூர்ம. தெரியுதாட்டி?” என்று கீழேயிருந்து கேட்டாள்.

நான் கையை நீட்டியிருக்கலாம். என் வார்த்தையைப் பள்ளிவாசல் ஜமாஅத் சாட்சியாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கலாம். நான் நீட்டிய திசையில் அவள் வாப்பா பார்த்திருப்பார். அது போதும்.

“மேகமா இருக்கு” என்றேன்.

மேகமும் இருந்தது. அதனால் அது பொய் இல்லை என்று ஒரு வருடமாக வாதாடிப் பார்க்கிறேன். பள்ளிவாசல் மாடியிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். ஜெய்னப் கொல்லைக் கதவுக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்துச் சுற்றினாள். முப்பது நோன்பு. எட்டாம் நாள். மீன் நீந்தும். நானும் சுற்றினேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. அதில் பாதி பயம்.

நோன்பே வைக்கக் கூடாத பெருநாளன்று நான் ஒரு தெருவையே நோன்பு வைக்கச் செய்யப் போகிறேன் என்பது அதற்குப் பிறகு உறைத்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், மைக் செட் கடை வாசலில் நடந்ததே மறுபடி நடந்தது.

என்னால் ஒன்றையும் கெடுக்க முடியாது என்று நிலாவே காட்டிவிட்டது. எட்டரை மணிக்கு வேறு ஊரிலிருந்து பள்ளிவாசலுக்குத் தகவல் வந்தது. அங்கே வானம் தெளிவாக இருந்ததாம், பிறை கண்டார்களாம். ஒலிபெருக்கியில் நாளைக்குப் பெருநாள் என்று அறிவித்ததும் தெருவே கூவியது. என் பொய் உலகத்தில் இரண்டு மணி நேரம்கூட நிற்கவில்லை.

அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பலன் இருந்தது. நாளை ராத்திரி வைத்தால் போதும் என்று ஜெய்னபின் உம்மா மருதாணியை அரைக்காமல் வைத்திருந்தாள். ஒன்பது மணிக்கு அவசரமாக அரைத்து வைத்தது பிடிக்கவில்லை. மாப்பிள்ளை ஊருக்குப் போகிற கை வெளிறிய ஆரஞ்சாக இருந்தது. அங்கே பெண்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மாப்பிள்ளை மேல் அவ்வளவுதான் ஆசையா என்று கேலி செய்ததாக அவளே எனக்கு எழுதினாள். சிரித்துக்கொண்டுதான் எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் போடவில்லை.

10

முடிவு ஒன்று: பெருநாள், இரண்டே முக்கால் மணி. ஜெய்னப் புதுத் துணியோடு வந்து தொட்டிக்கு முன்னால் உட்காருகிறாள். புத்தகம் குளிர்ந்த நாட்டுப் புத்தகம். எங்கள் ஊர்த் தண்ணீர் வெதுவெதுப்பு. குஞ்சுகள் ஒரு நாள் முந்திவிட்டன. அவள் பார்க்கப் பார்க்க சிலேட்டிலிருந்து மேகம் போலக் கிளம்பி—

முடிவு இரண்டு: குஞ்சுகள் சிலேட்டிலேயே ஒட்டிக்கொண்டு வால் ஆட்டுகின்றன. அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். வேன் ஹாரன். மறுநாள் காலை நான் மட்டும் தனியாக—

முடிவு மூன்று: நான் அவளிடம் சொல்லிவிடுகிறேன். அவள் சிரித்து, என் கன்னத்தைக் கிள்ளி—

(மூன்றாவதை எழுதும்போது கை தடையே இல்லாமல் ஓடியது. அதனால் அது நடக்கவில்லை என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம்.)

முதல் இரண்டில் எது நடந்தது என்று ஜெய்னபுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். பிடிவாதம் இல்லை. நீந்தின என்று சொன்னால், அப்படியானால் அந்தப் பொய் தேவையே இல்லை, பாவம் பைத்தியக்காரப் பெண் என்று சிரித்துவிடுவீர்கள். நீந்தவில்லை என்று சொன்னால், ஒரே ஒரு நாள்தானே கேட்டாள் என்று இரக்கப்படுவீர்கள். இரண்டிலும் நான் தப்பித்துவிடுவேன். மீன்களை எனக்குச் சாட்சியாகக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

நடந்ததில் இவ்வளவு மட்டும் எழுதுகிறேன். ஜெய்னப் தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். வெளிறிய கை இரண்டையும் கண்ணாடிமேல் வைத்திருந்தாள். நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருவில் வேன் ஒரு முறை ஹாரன் அடித்தது. அவள் திரும்பாமல், “ஏட்டி தாயி, இங்கன வா” என்றாள்.

அவள் குரல் எப்படி இருந்தது என்று எழுதினால் மீன் என்ன செய்தது என்று தெரிந்துவிடும். எழுதவில்லை.

கதவிலிருந்து தொட்டிக்கு ஒன்பது அடி. அன்று நான் அதை நடந்தேன். போய்ச் சேர்ந்ததும் அவள்தான் பேசினாள், நான் பிறையைப் பற்றிப் பேசவில்லை. கதையில் இன்னும் நடக்கத் தொடங்கவில்லை. இந்தத் தாள்களை நாளைக் காலைத் தபாலில் கடையநல்லூருக்குப் போட வேண்டும். அதற்குள் நீங்கள் சொல்லுங்கள். நான் வருகிறேன், எட்டு அடி, ஏழு அடி. இந்த முறை முதலில் யார் பேசட்டும்?